கிளைவின் பாட்டி பிறந்த படகு

கிளைவ் பார்ஜெட்டர் பேச ஆரம்பித்தால் அதைக் கேட்பதைவிடப் பழைய டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பது மேல் என்று நெவில் ஸ்கெரிட்டுக்குத் தோன்றும். பெரும்பாலும் அப்படித்தான் நின்றுகொண்டும் இருந்தார். ‘அராபெல்லா’ அந்தக் காலத்தில் கால்வாய் வழியே கரி ஏற்றிப்போன படகு; ஓட்டுகிறவனின் குடும்பமே அதன் கேபினில் குடியிருக்கும். நீளத்துக்குக் குறைச்சல் இல்லை, அகலம்தான் ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கிற மாதிரி. அதன் இன்ஜின் அறையில் எண்ணெய்ப் புகைக்குள் இருமிக்கொண்டு கிடந்தாலும், கரையில் நிற்கும் கிளைவின் குரல் கூரைத் திறப்பு வழியாக வந்து விழும்.

“இதோ பாருங்க, இந்தக் கேபின்லதான் எங்க பாட்டி பொறந்தாங்க. கால்வாய் பூரா உறைஞ்சு கிடக்கு. மருத்துவச்சி ஐஸ் மேல நடந்தே வந்தாங்களாம்!”

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்வாள்.

கிளைவின் பாட்டி எங்கே பிறந்தாளோ, நெவிலுக்குத் தெரியாது. ஆனால் எங்கே வாழ்ந்தாள் என்று தெரியும். டட்லி ஊர்க் கடைத்தெருவில் பட்டன் கடை வைத்திருந்தாள். நெவிலும் கிளைவும் ஒரே பள்ளிக்கூடம். சட்டைப் பட்டன் அறுந்தால் நெவிலின் அம்மா அவரை அந்தக் கடைக்குத்தான் அனுப்புவாள். கடைக்காரம்மாள் கழுத்தில் நரித்தோலைப் போட்டுக்கொண்டு, பையனின் விரல் தன் விரலில் பட்டுவிடாதபடி பட்டனை மேசைமேல் வைத்துத் தள்ளுவாள். கால்வாய்ப் பக்கமிருந்து காற்று அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற மனுஷி.

கிளைவ் முப்பது வருஷம் தரைவிரிப்புக் கடை நடத்தியவன். ஓய்வு பெற்றதும் பொழுது போகாமல், பழைய படகைப் பழுதுபார்த்து ஊருக்குக் காட்டும் இந்தத் தன்னார்வலர் குழுவில் வந்து விழுந்தான். வந்த அன்று படகில் எது முன்பக்கம் என்று கேட்டான். அடுத்த வருஷமே குழுவுக்குத் தலைவர் ஆகிவிட்டான். அதற்கப்புறம் அகலத் தோல் பெல்ட், வெயிஸ்ட்கோட், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை என்று ஒரு வேஷம். கரி ஏற்றிய எவனும் சாகும்வரை அப்படி உடுத்தியதில்லை. பொய்யும் வேஷத்தோடு சேர்ந்து வளர்ந்தது. முதலில் ‘எங்க சொந்தத்துல யாரோ கால்வாய்ல வேலை பாத்தாங்களாம்’ என்றான். பிறகு தாத்தாவின் அக்கா என்றான். கடைசியில் பாட்டியையே தூக்கிக் கேபினுக்குள் போட்டு, சுற்றிலும் ஐஸ் கட்டிவிட்டான்.

மற்றவர்களும் கிளைவுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்பது நெவிலின் எண்ணம். ஹில்டா என்று ஒருத்தி தண்ணீர்க் குடங்களில் ரோஜாப்பூ வரைவாள். முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். இரண்டு மூன்று கிழவர்கள், கதவுக்கு எந்தப் பச்சை அடிப்பது என்று டீ குடித்துக்கொண்டே ஒரு மாதம் விவாதித்துவிட்டு, அடிக்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடியில் கசியும் தண்ணீரை இறைப்பது, மரத்துக்குத் தார் பூசுவது, இன்ஜினைக் கெஞ்சிக் கிளப்புவது எல்லாம் நெவில். எரிவாயு கம்பெனியில் மீட்டர் சோதிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய், எவன் மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்தே தலை நரைத்தவர். அப்படிப்பட்டவர் காதுபடவே மாதத்துக்கு ஒரு ஞாயிறு அந்தப் பட்டன் கடைக்காரி ஐஸுக்கு நடுவே பிறந்துகொண்டிருந்தாள்.

நெவிலின் தங்கை டோரீன் ஒரு முதியோர் குடியிருப்பில் துப்புரவு வேலை பார்த்தாள். ஒரு நாள் அவள்தான் போகிறபோக்கில் சொன்னாள். “உன் படகு பேரு அராபெல்லாதான? எங்க இடத்துல ஒரு கிழவி இருக்கா. அதுலயே பொறந்து வளர்ந்தவளாம். அந்தப் பேரைச் சொன்னாலே ஒரு மாதிரி முறைக்கிறா.”

நெவிலுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்.

கெஸியா டாலிக்கு எண்பது தாண்டியிருந்தது. குள்ளமாய், அகலமாய் இருந்தாள். முழங்கால் இரண்டும் போய்விட்டது. அறையில் ஹீட்டர் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. நெவில் உட்கார்ந்ததுமே கேள்விகளை அடுக்கினார். படகு எந்த வருஷம், என்ன சரக்கு, எந்தச் சுரங்கத்திலிருந்து, கேபினில் எத்தனை பேர் தூங்கினீர்கள்.

கிழவி டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள். “எத்தனை பேர் தூங்கினோம்னு எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான், மிஸஸ் டாலி.”

“சும்மா யாரும் அதைக் கேக்க மாட்டாங்க.”

நெவில் விஷயத்துக்கு வந்தார். பார்ஜெட்டர் என்று யாராவது அந்தப் படகில் இருந்தார்களா?

“அப்படி ஒரு பேரே கேள்விப்பட்டதில்ல. கட்டினதுலேருந்து கழிச்சுக்கட்டின வரைக்கும் எங்க ஆளுங்கதான் அதுல.”

நெவிலுக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. வருகிற ஞாயிறு படகைப் பார்க்க வரமுடியுமா, காரில் கூட்டிப்போகிறேன் என்றார்.

“அதைப் பாக்க நான் எதுக்கு வரணும்? பாத்ததெல்லாம் போதாதா?” என்றாள் கிழவி. பிறகு யோசித்து, “சாப்பிட ஏதாவது தருவீங்களா?” என்றாள்.

“கேக் இருக்கும்.”

“அப்ப வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறி உட்கார்ந்ததும் அவள்தான் பேச்சைத் தொடங்கினாள். “இந்தப் படகு வேலைக்கு உனக்கு என்ன சம்பளம்?”

“சம்பளமா? ஒண்ணும் கிடையாது. நாங்க தன்னார்வலர்கள்.”

“ஒண்ணும் இல்லாமயா படகுக்கு அடியில படுத்துத் தார் பூசற?”

“ஆமா.”

கிழவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. “எங்கப்பா உயிரோட இல்லாமப் போயிட்டாரே” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இதைக் கேட்டிருந்தா ஒரு வாரம் சிரிச்சிருப்பாரு.”

நெவில் பல்லைக் கடித்துக்கொண்டார். வேறு வழியில்லை, இன்றைக்கு இவள் தேவை. கிளைவைப் பற்றிச் சொன்னார். பாட்டி, ஐஸ், மருத்துவச்சி, எல்லாம். நிஜத்தில் அந்தப் பாட்டி பட்டன் கடைக்காரி என்பதையும் சொன்னார்.

கிழவி சிரிப்பதை நிறுத்தினாள். “கடைத்தெருவுலயா? கதவுல மணி தொங்குமே, அந்தக் கடையா?”

“அதேதான். உங்களுக்குத் தெரியுமா?”

“ம்” என்றாள். படகுத்துறை வரும்வரை தன் கோட்டுப் பட்டன் ஒன்றைத் திருகிக்கொண்டே வந்தாள்.

அன்று வெயில் அடித்ததால் நல்ல கூட்டம். ஹில்டா மேசை போட்டு எலுமிச்சை கேக் அடுக்கியிருந்தாள். நெவில் கிழவியைக் கைத்தாங்கலாய்க் கூட்டிக்கொண்டு கேபின் வாசலுக்கு வந்தார். கரையில் நின்றபடியே அவள் தலையை நீட்டி உள்ளே பார்த்தாள். பளபளக்கும் பித்தளை, சுவர் முழுக்கப் பீங்கான் தட்டு, பூவேலை வைத்துப் பின்னிய திரை.

“இத்தனை தட்டா!” என்றாள். “எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதுவும் அம்மா அப்பா மேல எறிஞ்சு உடைஞ்சு போச்சு.” மறுபடி எட்டிப் பார்த்தாள். “மூட்டைப்பூச்சி எங்க?”

“அதெல்லாம் இப்ப இல்லைங்க” என்றாள் ஹில்டா பதறிப்போய்.

“அப்ப இது வேற படகு.”

அதே நேரம் கிளைவ் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். வழக்கம்போல் உறைபனி, மருத்துவச்சி, பாட்டியின் முதல் அழுகை. அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நெவில் முன்னால் வந்தார். இந்த நிமிஷத்துக்காக அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“கிளைவ், ஒரு நிமிஷம். இவங்க மிஸஸ் கெஸியா டாலி. இந்தப் படகுலயே பொறந்து வளர்ந்தவங்க. உங்க பாட்டியை இவங்களுக்குத் தெரியாம இருக்க முடியாது. நீங்களே கேட்டுப் பாருங்களேன்.”

கிளைவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கழுத்துக் கைக்குட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கூட்டம் ஆவலாய்க் கிழவியைப் பார்த்தது. கிழவி வாயிலிருந்த கேக்கை நிதானமாய் மென்று விழுங்கினாள்.

“பாட்டி பேரு என்னப்பா?”

“எ… எடித்.”

“எடித்தா?” கிழவி ஒரு கணம் கண்ணை மூடினாள். திறந்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “நம்ம ஈடியா? அட, ஈடியோட பேரனா நீ! இந்த மூக்கைப் பாத்தப்பவே நெனச்சேன். வா கண்ணு, கிட்ட வா.”

கிளைவ் வாயைப் பிளந்தபடி கிட்டே போனான். கிழவி அவன் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள் என்று நெவிலுக்குத் தோன்றியது.

“உங்க பாட்டி லேசுப்பட்டவ இல்ல. ஒரு கையில சுக்கான், ஒரு கையில புள்ள. மதகுக்காரன் கதவைத் தொறக்க லேட் பண்ணினா, ராத்திரி ஒண்ணுக்குப் போற வாளி இருக்கும் பாரு, அதை அப்படியே அவன் தலையில கவுத்துருவா!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நெவிலுக்குக் காது அடைத்தது. “மிஸஸ் டாலி, அன்னிக்கு நீங்க எங்கிட்ட சொன்னது வேற” என்றார் சத்தமாக.

கிழவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். “அந்தக் காலத்துல கரையோரமா ஒரு ஆபீசர் வருவான். கதவைத் தட்டுவான். உள்ள எத்தனை பேரு, பையன் எத்தனை, பொண்ணு எத்தனைன்னு தலைய எண்ணுவான். ஒண்ணு ஜாஸ்தியா இருந்தா அபராதம். அவன் தொப்பி தெரிஞ்சா நானும் எங்கக்காவும் கரிக்குள்ள புதைஞ்சுக்குவோம். செத்துத் தொலைஞ்சிருப்பான்னு நெனச்சேன். போன வாரம் என் வீட்டுக்கு வந்து ஹீட்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ‘எத்தனை பேர் தூங்கினீங்க’ன்னு கேட்டானே பாக்கணும்.” விரல் நெவிலைக் காட்டியது.

எல்லோரும் நெவிலைப் பார்த்துச் சிரித்தார்கள். கன்னத்தில் கிள்ளிய சிவப்போடு கிளைவ்தான் பெரிதாகச் சிரித்தான்.

சாயங்காலம் படகு ஒரு சுற்று போகும். கிழவியையும் ஏறச் சொன்னார்கள். “ஏறறதா? அதுலேருந்து நான் எறங்கினதே பெரும்பாடு” என்று நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கிளைவ் சுக்கானைப் பிடித்தான். கால் தரையில் பாவாத நிலையில் இருந்தவன், பாலத்துக்கு அடியில் திரும்பும்போது வேகத்தைக் குறைக்க மறந்தான். உள்ளே இன்ஜின் பக்கத்தில் இருந்த நெவிலுக்கு முதலில் ஒரு இடி. அப்புறம் இன்ஜின் தொண்டையைப் பிடித்து நெரித்த மாதிரி விக்கிவிட்டு நின்றது. படகு சேற்றில் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடந்தது.

“நெவில்! புரொப்பெல்லர்ல என்னமோ சிக்கியிருக்குப்பா!”

நெவில் பின்தளத்தில் குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். சாக்கடை நாற்றம் மூக்கில் ஏறியது. வழவழவென்று ஏதோ தடிமனாய் இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தியால் கொஞ்சம் அறுத்து வெளியே இழுத்துப் பார்த்தார். எவனோ கால்வாயில் வீசிய தரைவிரிப்பு.

“என்னதுப்பா அது?”

“உங்க கடைச் சரக்கு மாதிரி இருக்கு.”

கிளைவ் அதைக் காதில் வாங்கவில்லை. கையில் ஒரு நீளக் கழியைப் பிடித்து ஒரு காலைப் படகின் விளிம்பில் தூக்கி வைத்து நின்றுகொண்டு, பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். “பாட்டி காலத்துல இதெல்லாம் தினமும் நடக்கறதுதான். அசர மாட்டாங்க.” அவர்கள் அவனைப் படம் பிடித்தார்கள். நெவில் விரிப்பை நார் நாராய் அறுத்து எடுத்து முடித்தபோது வெள்ளைச் சட்டையின் ஒரு கை கறுப்பாகியிருந்தது. இன்ஜின் மறுபடி ஓடியதும் எல்லோரும் கை தட்டினார்கள். கிளைவுக்கு.

திரும்பிப் போகும்போது காரில் அந்தச் சட்டையின் நாற்றம் நிறைந்திருந்தது. நெவில் கியரை முறித்துவிடுகிற மாதிரி மாற்றினார்.

“கோவமா?” என்றாள் கிழவி.

“நீங்க பொய் சொன்னீங்க.”

“ஆமா.”

“அவன் ஒரு ஃபிராடுங்க. வேணும்னே அவனைக் காப்பாத்திவிட்டீங்க.”

“காப்பாத்தினேனா?” கிழவி அவர் பக்கம் உடம்பைத் திருப்பி உட்கார்ந்தாள். “அந்த மணிக் கதவு இருக்கே, அதுக்குள்ள எங்கம்மாவை விட்டதே இல்ல அந்த மகராசி. ‘படகுக்காரங்க வெளிய நில்லுங்க, பேன் உதிரும்’பா. மழையில நிக்க வெச்சுட்டு, பட்டனை ஒரு தட்டுல வெச்சு வாசப்படியில தள்ளுவா. காசையும் அதே தட்டுலதான் போடணும். எங்கம்மா படகுக்கு வந்து ராத்திரி பூரா தலையை வாரிக்கிட்டே இருப்பா, பேன் இருக்கா இருக்கான்னு.” மூச்சு வாங்கினாள். “இப்ப அவ பேரன் ஊரைக் கூட்டி, எங்க பாட்டி அந்தக் கேபின்லதான் பொறந்தாங்கன்னு மார் தட்டிச் சொல்றான். நீ போய் அதை நிறுத்தப் பாக்கற. உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?”

நெவில் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார். பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் கிளப்பவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

அடுத்த வாரம் கிளைவ் இன்ஜின் அறைக்குள் தலையை விட்டான். “நெவில், மிஸஸ் டாலியை நம்ம குழுவுக்குக் கௌரவத் தலைவியா போட்டுறலாம்னு இருக்கேன். பாட்டியைப் பத்தி எனக்கே தெரியாத விஷயமெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்.”

நெவில் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். நடிப்பு இல்லை. தான் விட்ட கதையைத் தானே நம்பிவிட்டிருந்தான். இத்தனை வருஷமாய் அவனைத் தெரிந்தே பொய் சொல்கிறவன் என்று எண்ணிக் கொஞ்சம் மரியாதை கொடுத்துவிட்டோமே என்று நெவிலுக்கு இருந்தது. “தாராளமா போடுங்க” என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் நெவில்தான் கிழவியைக் கூட்டிவந்தார். அவள் கேக் சாப்பிட்டுக்கொண்டே கிளைவுக்குப் பாட்டியைப் பற்றிப் புதிது புதிதாய் ஊட்டினாள். ஈடி பல் விளக்கியதே கிடையாது. ஈடி குளித்தது வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் தவறி விழுந்து. ஈடியின் தலை பூராவும் பேன், சீப்பு வைத்தால் சீப்பே நடக்கும். எதைச் சொன்னாலும் கிளைவ் அதை அடுத்த கூட்டத்திடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். ஒரு நாள் வரும் வழியில் கிழவி, “இன்னிக்கு என்ன சொல்லலாம்?” என்று கேட்டாள். நெவில் கொஞ்ச தூரம் யோசித்தபடி ஓட்டினார்.

“கோழி திருடினாங்கன்னு சொல்லுங்க” என்றார்.

இலையுதிர்காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் கிளைவின் படம் வந்தது. பேனும் கோழியும் செய்தியில் இருந்தன. அந்த ஞாயிறு, சாம்பல் நிறக் கோட்டும் கையுறையும் அணிந்த ஒரு வயதான அம்மாள் படகுத்துறைக்கு வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே கிளைவிடம் போனாள். அவனுடைய அக்கா மார்ஜரி.

“பேனா? நம்ம பாட்டிக்கா?” பத்திரிகையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூ அடுக்கினவங்கடா அவங்க! உன்னை மடியில வெச்சு வளர்த்தவங்க! கோழி திருடினாங்களா? எப்படிடா உனக்கு வாய் வருது?”

கிளைவ் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. அக்கா பக்கம் அவன் திரும்பியபோது குரல் கரகரத்தது, மேடையில் இருப்பவன் மாதிரி.

“மார்ஜரி, நாம எங்கேருந்து வந்தோம்கறதை நெனச்சு நீ வெக்கப்படற. நான் வெக்கப்படல.”

கை தட்டல் எழுந்தது. யாரோ ‘சபாஷ்’ என்றார்கள். மார்ஜரி சுற்றிலும் பார்த்தாள். பத்திரிகையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சேற்றில் காலணி புதையப் புதைய, வந்த வழியே நடந்தாள். யாரும் அவளுக்கு வழிவிடவில்லை. அவளே ஒதுங்கி ஒதுங்கிப் போனாள்.

நெவில் கிழவியைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டு பாலத்தைத் தாண்டி மறைகிறவரை பார்த்தாள்.

“போலாம்” என்றாள்.

“கேக் பாதியில இருக்கே?”

“போலாம்னேன்ல.”

காரில் அவள் கதை எதுவும் சொல்லவில்லை. நெவிலும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அடுத்த மாசம் வர வேண்டாம்.”

“ஏன், மிஸஸ் டாலி?”

“முழங்கால் வலிக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிளைவ் இன்னும் அந்தப் படகின் முன்னால் நின்று பேசிக்கொண்டுதான் இருக்கிறான். இப்போதெல்லாம் பாட்டியை விட்டுவிட்டு அக்காவைப் பற்றிச் சொல்கிறான், சொந்த ரத்தத்தையே மறைக்கப் பார்த்தவள் என்று. அதற்கும் கூட்டம் உச்சுக் கொட்டுகிறது. நெவில் அவனிடம் பேசுவதில்லை. தார் பூசுகிற வேலை மட்டும் வருஷா வருஷம் வந்துவிடுகிறது.